துவரை நாட்டுப் பெருங்காவியம்

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீடு. அந்த வீட்டு அடுப்படியில் ஒரு பிரஷர் குக்கர். குக்கர் மூடியின் உச்சியில் உட்கார்ந்து நாட்டை ஆண்டுகொண்டிருந்தவன் பெயர் வெயிட்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆள்தான். ஆனால் மனசுக்குள் பனைமர உயரம் இருந்தான்.

வெயிட்டுக்கு ஒரே ஒரு குறை. அவன் பாட ஆரம்பித்தால் முழுசாகப் பாடவிட மாட்டார்கள். சோற்றுக்கு இத்தனை விசில், பருப்புக்கு மூணு விசில் என்று கணக்கு வைத்திருந்தார்கள். முதல் விசிலில் அவன் தொண்டையைச் சரிசெய்துகொள்வான். இரண்டாவதில் சுருதி சேரும். மூன்றாவதில், அடடா, இப்போதுதானே ராகம் பிடிபடுகிறது என்று நிமிர்வான். ஒரு கை வந்து அடுப்பை அணைத்துவிடும். மிச்சமிருந்த ராகமெல்லாம் புஸ்ஸென்று அடங்கிப்போகும். ஒரு பாடகனுக்கு இதைவிட அவமானம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அணைக்கிற கை கோமளவல்லியுடையது. அவளுக்கு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. காலையிலிருந்து கண்ணாடித் துளை வழியாக ஒரே குரலில் பேசவேண்டும். “எந்த ஊரு? எத்தனை பேரு? சில்லறையா குடுங்க. அடுத்து.” கோபம் வந்தாலும் அதே குரல்தான், அழுகை வந்தாலும் அதே குரல்தான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அவள் செய்கிற முதல் காரியம், ஃப்ரிட்ஜ் தலைமேல் இருந்த குட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிடுவது.

அந்த ஸ்பீக்கர் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் வினை ஆரம்பம்.

வந்த அன்றே அது வாயைத் திறந்தது. முதலில் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து தெய்வத்தைக் கூப்பிடுவதுபோல ஒரு கோரஸ். அதற்கடியில் குதிரைப்படை ஓடுகிற மாதிரி டிரம்ஸ். அதற்கு மேல் கிட்டார் ஒன்று தாறுமாறாக ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் படிப்படியாக ஏறியது. இதற்குமேல் படி இல்லை என்று தோன்றுகிற இடத்திலும் இன்னொரு படி ஏறியது. ஏறிப் போய் உச்சியில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

வெயிட்டு ஆடாமல் அசையாமல் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“தங்கச்சி, கேட்டியா?” என்றான். “இன்னும் அடுப்பை அணைக்கலையே! எவ்வளவு நேரமா நிக்கிறான் பாரு. ஒருத்தரும் வந்து அணைக்கலையே!”

தங்கச்சி என்றது வால்வை. சேஃப்டி வால்வு. மூடியில் வெயிட்டுக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் குடியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே அட்டைப்பெட்டியில் பிறந்து, ஒரே நாளில் இந்த வீட்டுக்கு வந்தவர்கள். வால்வு வந்ததிலிருந்து ஒரு சத்தம் போட்டதில்லை. பொட்டு மாதிரி இருப்பாள். அடுப்படியில் பாதிப்பேருக்கு அவள் ஒருத்தி இருப்பதே தெரியாது.

“கேட்டேண்ணே,” என்றாள் வால்வு. “எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சபாபதிக்கு வேறு விதமாக அழுகை வந்தது. அவர் கோமளவல்லியின் வீட்டுக்காரர். “ஏம்மா, இது பாட்டா, இல்ல கூட்ஸ் வண்டி தடம் புரண்டுச்சா?” என்று கத்தினார்.

“சும்மா இருங்க. பாட்டுல ஒரு ராஜா டிராகனோட சண்டை போட்டுட்டிருக்காரு.”

“சண்டை முடிஞ்சதும் சொல்லு, சாப்பிட வரேன்.”

“இது மூணு பாகம்.”

“அப்ப இன்னைக்குப் பட்டினிதான்,” என்று சபாபதி பேப்பரை மடித்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம். வீட்டில் ஆள் இல்லை. ஸ்பீக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சபையைக் கூட்டியது. உள்ளங்கை அளவு உடம்பு, பேச்சோ மாநாட்டுப் பேச்சு.

“நேத்து நீங்க கேட்ட இசைக்குப் பேரு பவர் மெட்டல். இதுல சின்ன விஷயமே கிடையாது. காதல்னா ஒரு நாடே எரியணும். சோகம்னா கடலே வத்தணும். வீட்டுச் சாவியைத் தொலைச்சாக்கூட, அந்தச் சாவியைத் தேடி ஏழு மலை தாண்டிப் போகணும். போற வழியில இடி இடிக்கணும். கடைசிப் பல்லவி வரும்போது சுருதியை ஒரு கட்டை ஏத்தணும். இதுதான் சட்டம்.”

“எதுக்கு ஏத்தணும்?” என்று ஃப்ரிட்ஜ் கேட்டது. வயசான ஃப்ரிட்ஜ், எப்போதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும்.

“ஏத்த முடியுமே, அதனால,” என்றது ஸ்பீக்கர்.

இந்தப் பதில் அடுப்படிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுவரைக்கும் அங்கே எதற்கும் ஓர் உபயோகம் சொல்லியாகவேண்டும் பாருங்கள்.

“நாமளும் ஒண்ணு போட்டா என்ன?” என்றான் வெயிட்டு.

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். “கிட்டார் நான்தான்,” என்று மிக்ஸி முந்திக்கொண்டது. “உறுமுறதுல என்னை அடிச்சுக்க ஆளு இருக்கா? என்கிட்ட மூணு ஜாரு இருக்கு. பாகத்துக்கு ஒண்ணா மாத்திக்கிட்டு வருவேன்.”

ஹால் மூலையிலிருந்து தையல் மெஷின் குரல் கொடுத்தாள். “ரெண்டு காலையும் வச்சு மிதிக்கிற வாத்தியம் இந்த வீட்டுல நான் ஒருத்திதான். குதிரைப்படையை எங்கிட்ட விடுங்க.”

தட்டு ஸ்டாண்டில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் ஜால்ரா பொறுப்பை எடுத்துக்கொண்டன. சுவரில் தொங்கிய கரண்டிகள் கோரஸ். கிரைண்டர், “நான் மெதுவாத்தான் சுத்துவேன், அவசரப்படுத்தினா மாவு வழிஞ்சிடும்,” என்று நிபந்தனையோடு சேர்ந்தது. கேஸ் சிலிண்டர் இத்தனை வருஷமும் மேடைக்கு அடியில் இருட்டில் தன்பாட்டுக்குக் கிடந்தது. அது மெல்ல, “டிராகன் வேஷம் யாருக்காவது குடுத்துட்டீங்களா?” என்று கேட்டது. எல்லாரும் மேடைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். உடம்பு முழுக்க நெருப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்திருக்கிறதே! அந்த வேஷத்துக்குப் போட்டியே இல்லை.

“என் சுருதி கம்பெனியிலயே வச்சு அனுப்பினது. ஏறாது, இறங்காது. நான் ஒதுங்கிக்கிறேன்,” என்றது ஃப்ரிட்ஜ்.

“ஒதுங்காதீங்க பெரியவரே. பாட்டுக்கு முன்னாடி கனமான குரல்ல ஒருத்தர் கதை சொல்லணும். நீங்கதான் அது,” என்றது ஸ்பீக்கர்.

ஃப்ரிட்ஜ் உடனே கதவை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டு, “ம்ம்ம்... அக்காலத்தே...” என்று ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அதை நிறுத்தத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

பாடகன் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் வெயிட்டைத்தான் பார்த்தார்கள். அவனும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

கதையும் தயாரானது. காவியத்தின் பெயர்: ‘துவரை நாட்டின் வீழ்ச்சியும் எழுச்சியும் மறுபடியும் வீழ்ச்சியும்’. குக்கருக்குள் துவரை நாடு. அங்கே பருப்புக் குடிமக்கள் மஞ்சள் பூசிக்கொண்டு அமைதியாக வாழ்கிறார்கள். கொடுங்கோலன் புளியரசன் கரைந்து கரைந்து படையெடுத்து வருகிறான். அவனை எதிர்க்க மாவீரன் கத்திரிக்காய் கிளம்புகிறான்.

“ஒரு சிக்கல்,” என்றது அரிவாள்மணை. “கத்திரிக்காய் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டானே. நானே எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.”

“செத்தா அவன் மகன் வருவான்,” என்றது ஸ்பீக்கர். “அவன் செத்தா பேரன் வருவான். அதுக்குத்தானே காவியம்னு பேரு.”

நாளுக்கு நாள் காவியம் வளர்ந்தது. முன்கதைக்கு ஒரு முன்கதை சேர்ந்தது. ஃப்ரீஸரில் ஒரு பனிமலைப் பயணம் சேர்ந்தது. புளியரசனுக்கு ஒரு பிளாஷ்பேக், அவன் சின்ன வயசில் கொட்டையைப் பிரிந்த சோகம். உப்பு ஜாடி தனக்கும் ஒரு தனி ஆவர்த்தனம் வேண்டும் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டது. உப்பு ஜாடிக்குச் சத்தமே வராது. இருந்தாலும் யார் மனசையும் நோகடிக்க வேண்டாம் என்று அதற்கும் இடம் ஒதுக்கினார்கள். அந்த இடத்தில் எல்லாரும் மரியாதையாகச் சும்மா இருப்பது என்று முடிவாயிற்று.

சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சாயங்காலம் கோமளவல்லி அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு ரசம் வைக்கும்போது, ஒரு நேரம் வரும். அவள் கரண்டியைத் தலைக்குமேல் தூக்குவாள். தெரியாத பாஷையில், வாய்க்கு வந்ததைச் சொல்லி, தொண்டை கிழியக் கூடவே பாடுவாள். கவுன்ட்டரில் ‘அடுத்து, அடுத்து’ என்று சொல்லிச் சொல்லி மரத்துப்போன வாய் அது. கையிலிருந்த கரண்டியும் அந்த நேரத்தில் தான் ரசக்கரண்டி என்பதையே மறந்துவிடும். ஏதோ ஒரு பெரிய யுத்தத்தில் நாமும் இருக்கிறோம், நம்மால்தான் வெற்றி, என்று அந்த அடுப்படியில் இருந்த டீ வடிகட்டிக்குக்கூடத் தோன்றும். அது பொய்யாகவே இருக்கட்டும். வேறு யார் அவர்களுக்கு அப்படி ஒரு பொய் சொன்னார்கள்?

வால்வுதான் எல்லாரையும்விட அதிகம் கேட்டாள். வரி வரியாக, அடி அடியாக. “அண்ணே, இப்ப அந்த இடம் வரும் பாரேன்,” என்பாள். அந்த இடம் வந்ததும் பேச மாட்டாள்.

ஒருநாள் வெயிட்டு கேட்டான். “ஏன் தங்கச்சி, இவ்வளவு பைத்தியமா கேக்குறியே, உனக்குப் பாடணும்னு தோணலையா?”

“எனக்கு ஒரு சத்தம் இருக்குண்ணே,” என்றாள் வால்வு. “ஒண்ணே ஒண்ணு. என் நெஞ்சுல ஒரு பொட்டு ஈயம் வச்சிருக்காங்க. உள்ள அழுத்தமும் சூடும் எல்லை மீறிப்போனா அது உருகிடும். உருகினா அந்தச் சத்தம் வரும். அதோட நான் போயிடுவேன். அதனால நான் பாடாம இருக்குறதுதான் நல்லது. கேட்டுட்டு இருக்கேனே, எனக்கு அது போதும்.”

“சேச்சே, அதெல்லாம் வராது,” என்றான் வெயிட்டு. சொல்லிவிட்டுத் தன் உச்ச சுருதியை நினைக்கப் போய்விட்டான். பாடகர்கள் அப்படித்தான்.

காவியத்தில் ஒரே ஒரு ஓட்டை அடைபடாமல் இருந்தது. மூன்றாவது விசிலில் கோமளவல்லி அடுப்பை அணைத்துவிடுவாளே? முன்கதையின் முன்கதைகூட முடிந்திருக்காதே? வெயிட்டு இதையே நினைத்து நினைத்து உருகினான். அப்போதுதான் ஸ்பீக்கர் அவனுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தது.

“கடைசிப் பல்லவிக்கு முன்னாடி பெரிய பாடகன் என்ன பண்ணுவான் தெரியுமா? சட்டுனு நிறுத்திடுவான். எல்லாம் கப்சிப். ஜனம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எவ்வளவுக்கெவ்வளவு அடக்குறானோ, அவ்வளவுக்கவ்வளவு உச்சத்துல வந்து விழும். அடக்கத் தெரிஞ்சவன்தான் பாடகன்.”

வெயிட்டுக்குப் பொறி தட்டியது. அன்றைக்கு முழுக்கத் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

“தங்கச்சி, கண்டுபிடிச்சிட்டேன்! அவங்க எதை வச்சு அடுப்பை அணைக்கிறாங்க? விசிலை எண்ணித்தானே? கடிகாரத்தைப் பார்க்கிறாங்களா? மூடியைத் திறந்து பார்க்கிறாங்களா? இல்லையே. காதுலதானே சமையல் பண்றாங்க. நான் விசிலே விடலைன்னா?”

“விடலைன்னா?”

“எண்ண முடியாது. எண்ண முடியலைன்னா அணைக்க மாட்டாங்க! முதல் விசில், ரெண்டாவது, மூணாவது, எல்லாத்தையும் அடக்கிச் சேர்த்து வச்சு, கடைசில ஒரே விசில். ஸ்பீக்கரே மிரண்டுபோற மாதிரி.”

“அண்ணே, நீ விடாம வச்சிருக்குற ஆவியெல்லாம் எங்கண்ணே போகும்?” என்றாள் வால்வு.

“பாட்டுக்குள்ள போகும்.”

“என் நெஞ்சுக்குள்ளதானே போகும்.”

“கொஞ்ச நேரம்தான் தங்கச்சி. நீ தாங்குவ. சரியான நேரத்துல நான் விட்டுடுவேன். என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றான் வெயிட்டு. “பொறந்ததுலேர்ந்து என்னை ஒரு பாட்டு முழுசாப் பாடவிட்டிருக்காங்களா? நீயே சொல்லு.”

அது உண்மைதான். மூன்றாவது விசிலில் அவன் அடங்கிப்போகும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்கிற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“சரிண்ணே,” என்றாள். “ஆனா மறந்துடாத.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த வீட்டில் எல்லாம் ஒன்றாக ஓடும். கோமளவல்லி கிரைண்டரில் இட்லிக்கு உளுந்தைப் போட்டாள். மிக்ஸியில் தேங்காய் சட்னி. சபாபதிக்குத் தன் பேன்ட்டைத் தானே தைத்துப் போட்டுக்கொள்கிற பழக்கம். அவர் ஹாலில் தையல் மெஷின் முன்னால் கால்களை வைத்தார். குக்கரில் துவரம்பருப்பு ஏறியது, மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெயோடு. கடைசியாகக் கோமளவல்லி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

“ம்ம்ம்... அக்காலத்தே...” என்று ஃப்ரிட்ஜ் தொடங்கியது.

என்ன சொல்ல! மிக்ஸி உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சபாபதி பேன்ட் கால் ஓரத்தை ஒரே மூச்சில் அடிக்க, குதிரைப்படை ஹாலைத் தாண்டி அடுப்படிக்குள் புகுந்தது. தட்டுகள் கலகலத்தன. கரண்டிகள் ஆளுக்கொரு சுருதியில் தெய்வத்தைக் கூப்பிட்டன. டிராகன் அடுப்புக்கண் வழியாக நீல நிறத்தில் சீறியது. உப்பு ஜாடியின் இடம் வந்தபோது மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மும்முரத்தில் மறந்துவிட்டார்கள். பாவம், அதுவும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

துவரை நாடு கொதித்தது. ஆவி மேலே வந்து வெயிட்டின் காலடியில் முட்டியது. முதல் விசிலுக்கான நேரம். வெயிட்டு ஒரு பருப்புத் தோலை இழுத்துத் துவாரத்தில் அடைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான். விசில் வரவில்லை.

“ஏங்க! விசில் வந்துச்சா?” கோமளவல்லி ஹாலைப் பார்த்துக் கத்தினாள்.

“என்னது?”

“விசில்! எத்தனை விசில் வந்துச்சு?”

“இந்தக் கூத்துல எனக்கு எங்க கேக்கும்? ரெண்டு வந்திருக்கும்.”

“வந்திருந்தா நான் எண்ணியிருப்பேன்ல?”

“அப்ப வரலைன்னு வச்சுக்க.”

அவள் வைத்துக்கொண்டாள். விசில் வராத குக்கரை எந்தப் பெண்பிள்ளை இறக்குவாள்? பருப்பு வேகாமல் நின்றுவிடாதா? வெங்காயக்கூடையைத் தூக்கிக்கொண்டு, உரிப்பதற்கு ஹாலுக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது விசிலையும் அடக்கினான் வெயிட்டு. மூன்றாவதையும் அடக்கினான். வாழ்நாளில் முதல் தடவையாக மூன்றாவது விசில் கடந்துபோயும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! இரண்டாம் பாகம் போயிற்று, பனிமலை போயிற்று, மாவீரனின் மகன் செத்துப் பேரன் வந்தான். மிக்ஸி மூன்றாவது ஜாரை மாட்டிக்கொண்டது.

“அண்ணே, சுடுதுண்ணே,” என்றாள் வால்வு.

“இன்னும் கொஞ்சம். சுருதி ஏறப்போகுது.”

சுருதி ஏறியது. கரண்டிகள் ஏறின, தட்டுகள் ஏறின. ஃப்ரிட்ஜ்கூட ஏறப் பார்த்து இருமியது.

“அண்ணே, போதும்ணே. இப்ப விட்டுடு.”

“இதுதான் தங்கச்சி அந்த இடம்! நீ சொல்லுவியே, அந்த இடம்!”

ஸ்பீக்கர் சட்டென்று நிறுத்தியது. மிக்ஸி நின்றது, தையல் மெஷினும் நின்றது. கிரைண்டர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. அடுப்படி முழுக்கக் கப்சிப். எல்லாக் கண்ணும் வெயிட்டின் மேல். வெயிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உச்சத்தை விடுவதற்காக எழுந்தான்.

எழ முடியவில்லை. பருப்புத் தோல் வெந்து, பசையாகிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் முக்கினான், முனகினான், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினான். ஒரு ‘புஸ்’கூட வரவில்லை.

“பாடுண்ணே,” என்றாள் வால்வு. கெஞ்சினாள். “எப்படியாவது பாடுண்ணே.”

“வரலை தங்கச்சி. எனக்கு வரலையே!”

அவன் அலறிய அந்த அலறல் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே துவரை நாடு மொத்தமும் மூடியை முட்டியது. வால்வு அவனை ஒரு தடவை பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அவள் பாடினாள்.

அது எந்தக் கட்டை, எந்தச் சுருதி என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பீக்கர் போட்டுக்காட்டிய எந்தக் குரலும் அந்த இடத்துக்குப் போனதில்லை. ஒரு மஞ்சள் ஊற்று நேராக எழும்பி மேல்கூரையைத் தொட்டு, நாலு பக்கமும் விரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் பறந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்து, ஆச்சரியத்தில் அழுகையை நிறுத்திவிட்டது. அப்புறம் எல்லாம் அடங்கியது. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகப் பருப்பு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஐயையோ!” என்று ஓடிவந்த கோமளவல்லி அடுப்பை அணைத்தாள்.

“என்னம்மா வெடிச்சது?” சபாபதி பாதித் தையலோடு வந்து நின்றார். மேலே பார்த்தார். “நல்லவேளை, நீ உள்ள இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆகலைங்க. ஆனா என்ன சத்தம்ங்க அது!” என்றாள் கோமளவல்லி. அவள் கண் பளபளத்தது.

அவர்கள் இரண்டு பேரும் துடைப்பதற்குத் துணி தேடப் போனதும், அடுப்படி பொங்கி எழுந்தது.

“ஒன்ஸ் மோர்!” என்று கத்தியது மிக்ஸி. “ஒன்ஸ் மோர்!” என்று தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தலையெல்லாம் பருப்பு வழிய, கரண்டிகள் கண்ணீர் விட்டு அழுதன. “வெயிட்டண்ணே, பாடுனீங்க பாருங்க ஒரு பாட்டு! இனிமே இப்படி ஒருத்தன் பொறக்கணும்!” என்றது டிராகன். கிரைண்டருக்கு மட்டும், “எனக்குத்தான் கடைசி வரிக்குள்ள வந்து சேர முடியலை,” என்று வருத்தம்.

“அது நான் இல்லை,” என்றான் வெயிட்டு.

“என்ன தன்னடக்கம்!” என்றது ஃப்ரிட்ஜ்.

“நான் பாடலை! எனக்கு வரவே இல்லை! பாடினது என் தங்கச்சி. அவ செத்துப்போயிட்டா. நான் வச்சிருந்ததை அவ பாடிட்டா.” வெயிட்டு வாய்விட்டு அழுதான். பக்கத்தில் அவள் இருந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை இருந்தது.

“பாத்தீங்களா,” என்று ஸ்பீக்கர் எல்லாரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. “பெரிய கலைஞனுக்குப் பாட்டு முடிஞ்சாலும் உணர்ச்சி அடங்காது. இன்னும் கதாபாத்திரத்துக்குள்ளயே இருக்காரு.”

எல்லாரும் பரவசமாகத் தலையாட்டினார்கள். யாருக்கு எப்படிப் புரியவைப்பது? வால்வு என்று ஒருத்தி இருந்ததே பாதிப்பேருக்குத் தெரியாதே.

மறுநாள் சபாபதி கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்பானர் வைத்து மூடியில் முறுக்கினார். வெயிட்டின் துவாரத்தையும் ஊசி விட்டுச் சுத்தம் செய்தார். “இனிமே விசில் வரலைன்னா பாட்டை நிறுத்திட்டு வந்து பாரும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது வால்வு சின்னப் பெண். பளபளவென்று இருந்தாள். வந்து உட்கார்ந்த சூட்டோடு அடுப்படியில் இருந்த ஒவ்வொருவரும் அவளிடம் காவியத்தின் கடைசி வரியைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

சாயங்காலம் குக்கர் ஏறியது. ஸ்பீக்கர் பாடியது, மிக்ஸி உறுமியது. ஆவி மேலே வந்து வெயிட்டின் காலடியில் முட்டியது. வெயிட்டு ஒரு நொடிகூட அதை வைத்திருக்கவில்லை. வந்த ஆவியை வந்தபடி விட்டான். எந்த வீட்டிலும் கேட்கிற, சாதாரண விசில்.

“ஒண்ணு,” என்றாள் கோமளவல்லி.

அடுப்படிக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. “இது என்னண்ணே? அன்னிக்குப் பாடினதைப் பாடுங்க!” என்றது மிக்ஸி. “ஒன்ஸ் மோர்!” என்று கரண்டிகள் ஆரம்பித்தன. தட்டுகள் சேர்ந்துகொண்டன, சிலிண்டர் சேர்ந்துகொண்டது.

வெயிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது விசிலையும் சின்னதாக விட்டான்.

“ஒன்ஸ் மோர்! அன்னிக்குப் பாடினது! ஒன்ஸ் மோர்!” என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த புது வால்வு.